பதக்கக்காரனுக்கு ஒரு மாலை

அந்த மனிதனை எனக்கு முதலில் பிடிக்காமல் போனதற்குக் காரணம் அவனுடைய கிருதாதான். காதோரம் தொடங்கித் தாடை வரைக்கும் இரண்டு பக்கமும் அடர்ந்து தொங்கும். நடுவில் ஒரு சின்ன வாய், அந்த வாயில் உலகத்தையே வாங்கி வைத்திருக்கிற ஒரு திருப்தி. மார்பில் ஒரு பதக்கம். இடுப்பில் வாள். கடலில் வேலை பார்க்கிறவனுக்கு வாள் எதற்கு, மீன் வெட்டவா என்று நான் என் பக்கத்தில் நின்ற மலேசியத் தோழியிடம் கேட்டேன். அவள் கையில் இருந்த சாம்பார்ப் பானை ஆடும்வரை சிரித்தாள்.

அது ஆக்லாந்து நகரத்தில் த்ரீ கிங்ஸ் என்ற பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய மண்டபம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே நிலத்துக்காக நடந்த போர்களில் சண்டையிட்டு, வீரத்துக்காகப் பதக்கம் வாங்கிய கடற்படை அதிகாரி ஒருவனின் பெயர் அதற்கு. வெளியே இருக்கும் தெருவுக்கும் அவன் பெயர்தான். நான் அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே வேண்டிய அளவு பலகைகளில் அவன் இருக்கிறான். மண்டபத்தின் வாசலில், தீயணைக்கும் சிலிண்டருக்கு மேலே, சட்டம் போட்ட அவன் படம் தொங்கும். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் அந்த மண்டபம் வாடகைக்குக் கிடைத்திருந்தது. சோற்றுக் குக்கரையும் ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டித்தான் உள்ளே போவோம்.

அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு என்னவாக இருந்தன என்பதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது. நான் பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தின் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை என் வாயிலிருந்து வருவது முழுக்க ஆங்கிலம். கணவர் இருந்தவரை வீட்டில் தமிழ் இருந்தது. அவர் போனபிறகு வீட்டில் நானும் மகளும்தான். மகளுக்கு இருபத்தாறு வயது, இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் கடைக்கு வந்த வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரி, இரண்டு சொல்லில். ஆகவே வாரத்தில் ஒரு மத்தியானம்தான் எனக்கு யாராவது தமிழில் பதில் சொன்னார்கள். நாங்கள் அங்கே பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சமைத்தோம், பாடினோம், வராதவர்களைப் பற்றிக் கதைத்தோம். அது போய்விட்டால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

அது போகிற நிலைமை வந்தது. மண்டபக் குழு, சனிக்கிழமை மத்தியானத்தை நடன வகுப்புக்காரர்கள் சிலரும் கேட்கிறார்கள், வருகிற ஆண்டுக்கு யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கிறோம் என்று சொல்லியனுப்பியது. குழுவின் தலைவர் வயதான ஒரு வெள்ளைக்காரர். ஓய்வுபெற்றபின் அந்தக் கடற்படை அதிகாரியைக் காதலிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருந்தவர். யாராவது சிக்கினால் போதும், வாசலில் நிறுத்திப் படத்தைக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் சங்கத் தலைவருக்கு உடனே மூளை வேலை செய்தது. அவருக்கு மூளை எப்போதும் ஒரே திசையில்தான் வேலை செய்யும்: யாருக்கு மாலை போட்டால் என்ன கிடைக்கும். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் மேலாளர். ஆக்லாந்துக்கு வந்து இறங்கும் எந்தப் பிரமுகரும் அவருடைய பொன்னாடைக்குத் தப்பியது இல்லை. ஒருமுறை பொன்னாடை மிச்சமாகிவிட்டது என்று மைக் வாடகைக்குக் கொடுத்தவனுக்கே போர்த்தினார்.

"அக்கா, ஆண்டு விழாவில அந்த ஆஃபீசர் படத்தை மேடையில வெச்சு மாலை போட்டு, விளக்கேத்திடுவோம். கிழவர் அப்படியே உருகிடுவாரு. நீங்க ரெண்டு நிமிஷம் தமிழ்ல வாழ்த்திப் பேசுங்க, போதும்" என்றார்.

"அந்த ஆள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"பெரிய வீரர் அக்கா. மெடல் எல்லாம் வாங்கியிருக்காரு."

"என்னத்துக்கு வாங்கினவர்?"

"வீரத்துக்குத்தான். பின்ன எதுக்குக் குடுப்பாங்க?" என்று சிரித்தார். தெரியாமல் இருப்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

எனக்குத் தெரிந்திருந்தது. கிழவர் வாசலில் நிறுத்தி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார், நூலகத்திலும் எடுத்துப் பார்த்திருந்தேன். பதக்கக்காரனும் அவன் ஆட்களும் பீரங்கி வைத்த ஒரு படகில் ஓர் ஆற்றுவழியே உள்ளே போனார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் படகு சேற்றில் புதைந்துவிட்டது. கரையிலிருந்து இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகள் சுட்டார்கள். இவன் சேற்றில் இறங்கி, குண்டுகளுக்கு நடுவே நின்று, படகைத் தள்ளி மீட்டான். அதற்குத்தான் பதக்கம். அதில் தைரியம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கிழவர் கதையை எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். அந்தப் படகு அங்கே எதற்குப் போனது, மீட்டபிறகு எங்கே போனது என்பது அவர் கதையில் வராது. அது மேலே போய் ஓர் ஊரின் உருளைக்கிழங்குத் தோட்டங்களை அழித்தது, ஓடங்களை உடைத்தது, வீடுகளைக் கொளுத்தியது. அந்த நிலம் பிறகு துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. அவனுக்கும் ஒரு துண்டு.

நான் போர்க்காலத்தில் ஒரு கடற்கரையோரத்தில் வளர்ந்தவள். பீரங்கிப் படகு என்றால் எனக்குப் படம் தேவையில்லை. தூரத்தில் கடல்மேல் ஒரு புள்ளி தெரிந்ததும் அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றுவார், புகை எழும்பக்கூடாது என்று. பாதி வெந்த சோற்றோடு பானையைத் தூக்கிக்கொண்டு பனங்காணிக்குள் ஓடுவோம். ஷெல் எங்கே விழும் என்பது சுடுகிறவனுக்கும் தெரியாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் படகுகளிலும் ஒரு அதிகாரி இருந்திருப்பான். அவன் மார்பிலும் யாரோ எதையோ குத்திவிட்டிருப்பார்கள். கடலில் இருந்துகொண்டு கரையில் அடுப்பெரிப்பவர்களைச் சுடுவதற்குத் தைரியம் என்று பெயர் வைத்தவனை நான் ஒருநாள் பார்க்கவேண்டும்.

ஆனாலும் நான் பேச ஒத்துக்கொண்டேன். மறுத்தால் தலைவர் வேறொருவரைப் பிடிப்பார், மண்டபம் போனால் பழி என் தலையில் விழும். அதைவிட, சனிக்கிழமை போய்விடும். அந்தப் பயத்துக்கு முன்னால் என் ரோசம் வாயைப் பொத்திக்கொண்டது.

ஒத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இந்த ஊரில் வாழும் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த சௌகரியம். பஸ்ஸில், லிஃப்டில், தெருமுனை டெயரிக் கடை வரிசையில், எதிரில் நிற்கிறவரைப் பற்றி அவர் முகத்துக்கு நேரேயே தமிழில் சொல்லிவிடலாம். "இந்தக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியில வர இவருக்கு எப்பிடி மனம் வந்தது" என்று நான் புன்னகையோடு கேட்க, அந்த மனிதரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்து வழிவிட்டிருக்கிறார். என் மேலாளரைப் பற்றி அவர் மேசைக்கு முன்னால் நின்றே தொலைபேசியில் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு காலமும் அது எங்களைக் கைவிட்டதில்லை. தலைவர் கேட்டது தமிழில் ஒரு வாழ்த்து. குரல் வாழ்த்துகிற குரலாக இருந்தால் போதும். சொற்கள் என்னுடையவை.

வெள்ளைக்காரர்களுக்காக ஆங்கிலத்தில் வாசிக்க ஒரு தாளைத் தலைவரே தயாரித்திருந்தார். வீரத் திருமகன், கடலின் காவலன் என்று அவர் தமிழில் யோசித்ததை ஏதோ ஓர் இயந்திரம் ஆங்கிலமாக்கியிருந்தது. அதை வாசிக்க என் மகளைக் கேட்டார். இந்த ஊர் உச்சரிப்பு அவளுக்கு இருக்கிறதாம். அவள் கண்ணை ஒருதரம் மேலே சுழற்றிவிட்டுச் சரி என்றாள். ஆகவே நான் தமிழில் என்ன சொன்னாலும் ஆங்கிலத்தில் வரப்போவது தலைவருடைய தாள்தான். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

விழா அன்று படத்தைக் கழற்றி மேடையில் ஒரு நாற்காலியில் வைத்தார்கள். நாற்காலிக்குச் சிவப்புப் பட்டு. தோழி கார்னேஷன் பூக்களை வாங்கி ஒரு மாலை கட்டியிருந்தாள். அந்த மாலை ஓர் அம்மனுக்குப் போயிருக்கலாம், பாவம். தலைவர் கண்ணாடிமேல் சந்தனத்தைத் தொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். கிருதாவும் வாளும் குங்குமப் பொட்டுமாக அந்த ஆள் யாரோ காவல் தெய்வம் போல உட்கார்ந்திருந்தான். மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டக்கூடாது என்பது விதி. ஆகவே குத்துவிளக்கின் ஐந்து முகத்திலும் பேட்டரியில் எரியும் சின்ன மெழுகுவர்த்திகள். தலைவர் பயபக்தியோடு ஒவ்வொன்றின் அடியிலும் விரலை விட்டுச் சுவிட்சைப் போட்டார்.

மண்டபக் குழுத் தலைவர் முன்வரிசையில் கழுத்துப்பட்டியோடு, தோளில் பொன்னாடையோடு இருந்தார். அந்தச் சிவப்புப் பொட்டு என்ன என்று கேட்டார். மிக உயர்ந்த மரியாதை என்று எங்கள் தலைவர் சொன்னார். கிழவரின் கண் கலங்கியது.

என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். எங்கள் விழாக்களில் எல்லோரும் பேசுகிற அந்த மேடைக் குரலை எடுத்துக்கொண்டேன்.

"பெருமதிப்புக்குரிய இந்தப் பதக்கக்காரருக்கு என் வணக்கம். இவர் சேற்றில் சிக்கிய படகை மீட்டார். மீட்ட படகில் ஏறிப்போய் உருளைக்கிழங்குத் தோட்டங்களோடு போரிட்டார். கிழங்குகள் திருப்பிச் சுடுமே என்று கொஞ்சமும் அஞ்சாமல் முன்னேறினார். கட்டிவைத்த ஓடங்களையும், ஆள் ஓடிப்போன வீடுகளையும் நேருக்கு நேர் சந்தித்தார். வென்ற நிலத்தில் தனக்கும் ஒரு பங்கை வாங்கிக்கொண்ட அடக்கம் இவருடையது. என் ஊரிலும் இப்படிப்பட்ட வீரர்கள் கடலில் வந்தார்கள். அவர்களுக்குப் பயந்து என் அம்மா அணைத்த அடுப்புகள் எத்தனை என்று எனக்கே தெரியாது. எங்களுக்குச் சனிக்கிழமை மத்தியானத்தில் ஒரு மண்டபம் வேண்டும். அதற்காக இந்த ஆளுக்குப் பொட்டு வைத்திருக்கிறோம். பார்த்துக்கொண்டிருக்கவே எனக்குக் கூசுகிறது. வைத்தவருக்குக் கூசவில்லை என்றால் அது அவருடைய பழக்கம். வாழ்க இவர் கிருதா."

கைகூப்பினேன். பின்வரிசையில் இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள். தலைவரின் முகத்தில் சிரிப்பு அப்படியே காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. கிழவர் என் மொழியின் இனிமையை மெச்சித் தலையாட்டிக் கைதட்டினார். எனக்கு எவ்வளவோ நாளுக்குப்பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது.

அதன்பிறகு மகள் மைக்குக்கு வந்தாள். கையில் தலைவருடைய தாள் இருந்தது. அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தாளை இரண்டாக மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்துவிட்டு, நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள்.

சேறு வந்தது. படகு வந்தது. கிழங்குகள் திருப்பிச் சுடுமே என்பதும் வந்தது, என்னுடைய கிண்டல் கொஞ்சமும் சிந்தாமல். ஓடங்களும் வெறும் வீடுகளும் வந்தன. அம்மாவின் அடுப்புக்கு வந்தபோது அவள் குரல் ஒரு கணம் தாழ்ந்தது. சனிக்கிழமையைச் சொன்னாள். கூசுகிறது என்பதற்கு என்ன சொல்லப்போகிறாள் என்று அந்த நிலைமையிலும் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உடம்பின்மேல் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் கிருதாவையும் விடவில்லை.

கிழவர் எழுந்தார். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தார். மேடைக்கு ஏறி, மாலையைக் கழற்றி மேசையில் வைத்து, தன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியில் இருந்த பொட்டைத் துடைக்கத் தொடங்கினார். குங்குமம் சந்தனத்தோடு சேர்ந்து இழுபட்டு அந்த ஆளின் முகம் முழுக்கப் பரவியது. கிழவரின் கை நடுங்கியது. பாவம் என்று எனக்குத் தோன்றியது, தோன்றியதற்காக எரிச்சலும் வந்தது. அந்த முகத்தில் ஒரு பொட்டு இழுபட்டதற்கு அவர் இப்படி நடுங்குகிறார். கொளுத்தப்பட்ட ஊருக்காக அவர் கை ஒருநாளாவது நடுங்கியிருக்குமா?

படத்தை மறுபடி வாசலில் மாட்டிவிட்டு எங்கள் தலைவரிடம் வந்தார். உங்கள் வெளிப்படையான பேச்சுக்கு நன்றி, சனிக்கிழமைகளை நடன வகுப்புக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றார். தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

தலைவர் சமையலறைக்குள் பாய்ந்து வந்தார். "நல்லா இருக்காக்கா? உங்க வாயால எல்லாருக்கும் போச்சு. நான் எவ்ளோ கஷ்டப்பட்டு ஏற்பாடு பண்ணேன் தெரியுமா?"

"நீங்கள் மாலை போட்டதாலதான் நான் கதைக்க வந்தது" என்றேன்.

"சும்மா ரெண்டு வார்த்தை வாழ்த்துறதுக்கு உங்களுக்கு என்ன கேடு? செத்துப்போன ஆளு. அவருக்கு மாலை போட்டா நமக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவருக்கு உண்மையாகவே எதுவும் குறைந்திருக்காது. நாளைக்கு இன்னொரு மண்டபம், இன்னொரு படம், இன்னொரு பொன்னாடை. குறைந்து போனது தோழிக்குத்தான். அவள் மாலையைப் பிரித்து, கசங்காத பூக்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "இனி சனிக்கிழமை நான் என்னா செய்றது லா?" என்று கேட்டாள். அவளுக்கும் வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. அது என் நெஞ்சில் குத்தியது. இன்றைக்கும் குத்துகிறது.

ஹென்டர்சனுக்குத் திரும்பும்போது மகள்தான் கார் ஓட்டினாள். மோட்டர்வேயில் ஏறியதும் நான் வெடித்தேன். "உனக்கு என்ன விசர் பிடிச்சதோ? தந்த தாளை வாசிச்சிட்டு இறங்கியிருந்தால் மண்டபம் இருந்திருக்கும்."

"நீங்கள் உண்மையாகத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

"உண்மையாத்தான் சொன்னனான். அதுக்காக அவையளுக்கு விளங்கச் சொல்லச் சொன்னனானோ?"

"யாருக்கும் விளங்காத இடத்தில் ஏன் அம்மா சொல்லவேண்டும்? அந்த ஆள் செய்ததைச் சொல்ல நமக்கு என்ன பயம்?" அதுவும் ஆங்கிலத்தில்தான்.

எனக்குக் கோபம் இறங்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே வேறொன்று கிளம்பிக்கொண்டிருந்தது. நான் பேசியது சாதாரணத் தமிழ் இல்லை, மேடைத் தமிழ். அதை இவள் ஒரு சொல் விடாமல் பிடித்திருக்கிறாள். பேசத் தொடங்கியதிலிருந்து ஒரு வசனம் தமிழில் திருப்பிச் சொல்லாத பிள்ளை. சனிக்கிழமை போனால் போகட்டும், என் வீட்டுக்குள்ளேயே தமிழ் இருந்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாருக்காவது உடனே சொல்லவேண்டும் போல இருந்தது.

"இவ்வளவு தமிழ் நீ எங்கை படிச்சனீ?" என்று கேட்டேன்.

கார் வாட்டர்வியூ சுரங்கத்துக்குள் இறங்கியது. அவள் சாலையைப் பார்த்தபடியே முதல்முறையாக எனக்குத் தமிழில் பதில் சொன்னாள். சொல் சொல்லாக, தேடித் தேடி எடுத்துச் சொன்னாள்.

"படிக்க இல்லை அம்மா. நீங்கள் சித்தியோட போனில கதைப்பீங்கள்தானே, எனக்குப் பக்கத்தில இருந்து. எனக்கு விளங்காது எண்டு நினைச்சு. அதைக் கேட்டுத்தான்."

அவள் தொடர்ந்தாள்.

"போன வருசம் நான் விரும்பின பெடியன் என்னை விட்டிட்டுப் போன கிழமை நான் சோஃபாவில படுத்திருந்தன். நீங்கள் என்ரை காலைத் தடவிக்கொண்டு சித்திக்குச் சொன்னனீங்கள், இந்த மூஞ்சியோட எந்த ஆம்பிளை இருப்பான் எண்டு."

சுரங்கம் முடிந்து வெளியே வந்தோம். ஹென்டர்சன் வரும்வரைக்கும் நான் எந்த மொழியிலும் வாய் திறக்கவில்லை.